ஐப்பசியில் டேலியா பூக்க ஆடியில் என்ன செய்யணும்? வாசகர் கேள்வி பதில்

மார்கழியில் நர்சரியிலிருந்து பூவோடு வாங்கி வந்த டேலியா, சித்திரை வெயிலைத் தாண்டி ஆடியில் வெறும் குச்சியாக நிற்கும்போது பலரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மார்கழிக்கு வேறு வாங்குகிறார்கள். கிழங்கு உயிரோடு இருக்கும் செடியை எறிய வேண்டியதில்லை. சரியான நாளில் கவாத்து செய்தால், அதாவது தண்டுகளை அளவாக வெட்டிவிட்டால், அதே செடி ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி பூக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு எங்கள் தோட்டக்கலைக் குழுவின் பதில்கள் இவை.

கேள்வி: மொட்டை மாடியில் பன்னிரண்டு இஞ்ச் தொட்டிகளில் ஆறு டேலியா வெச்சிருக்கிறேனுங்க. தை மாசம் வரைக்கும் கை அகலத்துக்குப் பூத்தது. இப்போ மூணடி உயரத்துக்கு நெடுநெடுன்னு போயிட்டது. கீழ் இலையெல்லாம் காஞ்சிருச்சு. வர்ற ஒண்ணு ரெண்டு மொட்டும் விரியாமலே கறுத்து உதிருது. எப்போ வெட்டறது, எவ்வளவு வெட்டறதுங்க?
வாசகி, சிங்காநல்லூர்

பதில்: மொட்டு கறுப்பதற்கு நோய் காரணமில்லை, இரவுச் சூடுதான் காரணம். டேலியாவின் பிறப்பிடம் மெக்சிகோவின் மலை மேட்டு நிலம். அங்கே பகலில் வெயில் அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும். பகல் 32, 33 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவிலேயே செலவழித்துவிடுகிறது. மொட்டுக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நம் ஊரில் இதுதான் நிலைமை. அந்த நேரத்தில் உரம் போட்டும் பயனில்லை, வெட்டியும் பயனில்லை. வெயிலில் வெட்டினால் வரும் துளிரும் கருகி, கிழங்கில் இருக்கும் கொஞ்ச நஞ்ச சேமிப்பும் போய்விடும்.

கோவையில் ஆனியிலிருந்தே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடுகிறது. ஆடி பாதியில் இரவு 22 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். ஆகவே உங்களுக்கு ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாளிலிருந்து ஆகஸ்ட் 15 வரை நல்ல நாட்கள். கை அகலப் பூ விடும் வகைகளுக்கு வெட்டியதிலிருந்து 9 முதல் 10 வாரம், எலுமிச்சை அளவு உருண்டைப் பூ வகைகளுக்கு 6 முதல் 7 வாரம் என்று கணக்கு வையுங்கள். ஆகஸ்ட் 8ல் வெட்டினால் பெரிய பூ அக்டோபர் நடுவில், அதாவது புரட்டாசி கடைசியில் விரியும். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இரவுச் சூடு கோவையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல். அந்தப் பகுதிக்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்து, ஆவணி முதல் பாதியில் வெட்டலாம். அதற்கு மேல் தள்ள வேண்டாம். அக்டோபர் தொடக்கத்திலிருந்து பகல் 12 மணி நேரத்துக்கும் கீழே குறைகிறது. பகல் சுருங்கச் சுருங்க டேலியா கிழங்கைப் பெருக்குவதில் இறங்கிவிடும், பூவுக்குப் போகும் பங்கு குறையும்.

எவ்வளவு வெட்டுவது என்பதைச் செடியின் அடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கத்தரியை எடுக்கும் முன் உட்கார்ந்து மண்மட்டத்தைக் கையால் விலக்கிப் பாருங்கள். கிழங்கின் கழுத்திலிருந்து புதிதாக அடிமுளைகள் வந்திருந்தால், பழைய தண்டுகளை 15 செ.மீ. விட்டு முழுக்க எடுத்துவிடலாம். வருங்காலம் அந்த அடிமுளைகளுக்குத்தான். அடிமுளை ஒன்றும் இல்லையென்றால் அப்படி மொட்டையடிக்கக் கூடாது. அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், குறைந்தது இரண்டு ஜோடி பச்சை இலைகள் நிற்கும்படி வெட்டுங்கள். உங்கள் செடியில் கீழ் இலைகள் காய்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டு தவணையாகச் செய்வதுதான் பத்திரம். முதலில் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கீழ்க் கணுக்களில் பச்சைப் புள்ளியாகத் துளிர் மொட்டு வீங்கும். வீங்கிய கணுவுக்கு மேலே இரண்டாவது வெட்டு. வெறும் தண்டில், உயிருள்ள கணு எதுவென்று தெரியாமல் வெட்டும்போதுதான் செடி அப்படியே மேலிருந்து கீழாகக் காய்ந்து போகிறது.

வெட்டும் இடம் முக்கியம். டேலியாத் தண்டு கணுவில் மட்டும் கெட்டி, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே குழாய். நடுவில் வெட்டினால் மேல்பக்கம் ஒரு கிண்ணமாகி, ஆடித் தூறலும் நீங்கள் ஊற்றும் தண்ணீரும் அதில் தேங்கி, அழுகல் நேரே கிழங்குக்கு இறங்கும். ஆகவே கணுவுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக வெட்டுங்கள். தடித்த தண்டாக இருந்தால் வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லித் தூளைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தடவி, மேலே அலுமினியத் தாளை ஒரு தொப்பியாகச் சுற்றிவிடுங்கள். துளிர் நான்கு விரல் வந்ததும் தாளை எடுத்துவிடலாம். கவாத்துக் கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் இடையே ஸ்பிரிட்டில் துடைப்பதைச் சோம்பலுக்காக விட்டுவிடாதீர்கள். வெட்டுக்கு முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் காட்டுங்கள். வெட்டுவதும் மாலையில் இருக்கட்டும். அதுவரை இலை நிழலில் இருந்த தண்டின்மேல் திடீரென்று உச்சி வெயில் பட்டால் வெந்துவிடும்.

இனி வருவதுதான் பலரும் தவறும் இடம். இலை போன செடி தண்ணீர் குடிக்காது. நேற்று வரை தினம் ஒரு செம்பு ஊற்றிய பழக்கத்தில் இன்றும் ஊற்றினால் பத்தே நாளில் கிழங்கு அழுகும். விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். துளிர் கையகலம் ஆகும் வரை இந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

உரமும் அப்படித்தான். வெட்டிய அன்று மேல்மண்ணை 5 செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு மேசைக்கரண்டி வேப்பம் புண்ணாக்கு, ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூள் கலந்து நிரப்பினால் போதும். துளிர் 10 செ.மீ. வந்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. மொட்டு கண்ணில் பட்டதும் அதை நிறுத்திவிட்டு, மூன்றில் சாம்பல் சத்து மட்டும் உள்ள 0:0:50 உரத்தை லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, வாரம் ஒரு தடவை வேரில் ஊற்றுங்கள். எந்த உரக்கரைசலையும் காய்ந்த மண்ணில் ஊற்றக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர், அரைமணி கழித்து உரத்தண்ணீர்.

துளிர்கள் எட்டு பத்து வரலாம். எல்லாவற்றையும் விட்டால் எல்லாமே நோஞ்சானாகும். பன்னிரண்டு இஞ்ச் தொட்டிக்கு நல்ல தடிமனான மூன்று அல்லது நான்கை விட்டுவிட்டு மற்றவற்றை, 8 செ.மீ. ஆனதும் எடுத்துவிடுங்கள். எடுப்பதை எறிய வேண்டாம். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கீழே வருகிறது.

மாடித் தொட்டி என்பதால் ஒன்று கூடுதலாக: கறுப்புத் தொட்டியும் கறுப்பு வளர்ப்புப் பையும் மாலை வெயிலில் வேர்ப்பக்கத்தைச் சூடாக்கிவிடும். மேற்குப் பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தளத்திலிருந்து தூக்குங்கள். புரட்டாசியில் சில நாள் வெயில் மறுபடி உறைக்கும். அப்போது 50 சதவீதப் பச்சை நிழல்வலையைப் பகல் 11 முதல் 4 வரை மட்டும் இழுத்துவிடுங்கள். காலை வெயில் நாலு மணி நேரமாவது நேராகப் படவில்லையென்றால் இந்தச் செடி பூக்காது.

கேள்வி: எங்க தோட்டம் கரிசல் மண்ணுங்க. போன வருசம் இதே மாதிரி ஆடியில தரையோட வெட்டிவிட்டேன். பதினஞ்சு நாள் ஆகியும் துளிர் வரலை. தோண்டிப் பார்த்தா பாதிக் கிழங்கு கூழாயிருச்சு. மீதியைத் தனியா நட்டேன், அதுவும் முளைக்கவே இல்லை. ஏனுங்க?
வாசகர், பல்லடம்

பதில்: கூழானதற்கும் முளைக்காததற்கும் இரண்டு தனித்தனிக் காரணம்.

கூழானது தண்ணீரால். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்தால் விடாது. தரையோடு வெட்டிய குழாய்த் தண்டு வாயைத் திறந்துகொண்டு மண்மட்டத்திலேயே நின்றது, பாத்தித் தண்ணீர் அதற்குள் இறங்கியது. கரிசலில் டேலியாவுக்கு மேட்டுப்பாத்திதான் சரிப்படும். ஒரு முழ அகலத்தில், தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்துக்குச் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து மேடு கட்டுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தென்னைநார்க் கழிவை நிறையப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழையில் அது பஞ்சாக ஊறி நிற்கும். மொத்தக் கலவையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அதையும் மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்த பிறகே சேருங்கள்.

முளைக்காததற்குக் காரணம் கண் இல்லாதது. மரவள்ளிக் கிழங்கை நட்டால் முளைக்காது, குச்சியை நட்டால்தான் முளைக்கும் என்பது சேலம், நாமக்கல் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டேலியாவின் கட்டும் ஏறக்குறைய அதேதான். கிழங்கு வெறும் சத்து மூட்டை. முளைக்கும் கண்கள் கிழங்கின் உடலில் கிடையாது. கிழங்கு தண்டோடு சேரும் கழுத்தை ஒட்டி, தண்டின் அடிப்பகுதியில்தான் இருக்கும். நீங்கள் கிழங்கைக் கழுத்தோடு சேர்க்காமல் ஒடித்து நட்டிருக்கிறீர்கள். எவ்வளவு பருத்த கிழங்காக இருந்தாலும் கழுத்து முறிந்துவிட்டால் அது வெறும் வேர், ஒரு வருடம் மண்ணில் கிடந்தாலும் முளைக்காது.

இந்த வருடம் சந்தேகம் வந்தால் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கடப்பாரையை விட்டு, மண்ணோடு நெம்பி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழுத்து அப்போதுதான் முறிகிறது. அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருப்பதை வையுங்கள். நுனி மட்டும் அழுகியிருந்தால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டிவிடலாம், மீதி பிழைக்கும். கழுத்தே பழுப்பாக மாறி நாற்றம் அடித்தால் அந்தக் கிழங்கைக் குப்பைக்குழியிலும் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பிழைத்ததை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூள் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் இரண்டு நாள் ஆறவைத்து, லேசாக ஈரம் தெரியும் மணல் கலவையில் கழுத்து மேலே வரும்படி நட்டுவிடுங்கள். முளை தலைகாட்டும் வரை தண்ணீர் வேண்டாம். கிழங்குக்குள்ளேயே முளைக்குத் தேவையான தண்ணீர் இருக்கிறது. சூடு 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும்.

பல்லடம் காற்று ஊர் என்பதால் ஊன்றுகோல் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. நாலடிச் சவுக்குக் குச்சியைச் செடிக்கு மேற்குப் பக்கம், நடும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கில் குத்தும். வாழைநாரை எட்டுப் போல் முறுக்கி, குச்சியில் இறுக்கமாகவும் தண்டில் தளர்வாகவும் கட்டுங்கள். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

கேள்வி: கவாத்து பண்ணும்போது எடுக்கிற துளிரை நட்டா வருமா? கிழங்குதான் வேணுமா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வரும். நம் சமவெளியில் டேலியாவைக் கைவிட்டுப் போகாமல் காப்பாற்ற இதைவிட நம்பகமான வழி இல்லை. குழாயான முற்றிய தண்டு வேர் விடாது. அடியிலிருந்து எடுத்த 8 செ.மீ. இளந்துளிர், உள்ளே கெட்டியாக இருப்பது, அதுதான் வேண்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் ஜோடி இலையை எடுத்துவிட்டு மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, அலசிய தென்னைநார்க் கழிவும் மணலும் சரிபாதி கலந்த சின்னப் பையில் கணு மண்ணுக்குள் போகும்படி செருகுங்கள். மேலே அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து வையுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. 15 முதல் 20 நாளில் வேர் பிடித்துப் புதுத்துளிர் வரும். ஆவணி நடுவில் நட்ட துளிர் மார்கழியில் பூக்கும், தைக்குள் தனக்கென்று சின்னக் கிழங்கும் கட்டிக்கொள்ளும். மொசைக் நோய் உள்ள செடியிலிருந்து மட்டும் துளிர் எடுக்காதீர்கள். இலையில் நரம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் பட்டை, குட்டையான வளர்ச்சி, சுருங்கிய இலை இருந்தால் அது வைரஸ். கிழங்கிலும் துளிரிலும் கூடவே வரும். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

கேள்வி: செடி ஆள் உயரம், இலை கருகருன்னு இருக்குது. பூ மட்டும் இல்லீங்க. வாரா வாரம் சாணிக் கரைசலும் கடலைப் புண்ணாக்குத் தண்ணியும் ஊத்தறேன்.
வாசகர், காங்கேயம்

பதில்: அந்த இரண்டும்தான் காரணம். இரண்டிலும் தழைச்சத்து அதிகம். இன்றோடு நிறுத்துங்கள். நுனியைக் கிள்ளி, 0:0:50 உரத்துக்கு மாறுங்கள். வேப்பமரத்து நிழலில் இருந்தால் இடத்தையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: நுனி கிள்ளணும்னு சிலரும், மொட்டைக் கிள்ளணும்னு சிலரும் சொல்றாங்க. எது சரிங்க?
வாசகி, பெருந்துறை

பதில்: இரண்டும் வேறு வேறு வேலை, இரண்டும் சரி, காலம்தான் வேறு.

நுனி கிள்ளுவது கிளை கூட்ட. புதுத்துளிரில் நாலு ஜோடி இலை வந்ததும் நுனிக்குருத்தை மட்டும் நகத்தால் கிள்ளினால், கீழ்க் கணுக்களிலிருந்து நாலு கிளை எழும். ஆனால் பூ இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போகும். ஆடியில் வெட்டியவர்கள் ஆவணி பாதிக்குள் கிள்ளி முடிக்கலாம். ஆவணியில் வெட்டியவர்கள் கிள்ளவே வேண்டாம். அவர்களுக்கு நாள் இல்லை.

மொட்டுக் கிள்ளுவது பூவைப் பெரிதாக்க. டேலியாக் கிளையின் நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டு சேர்ந்து வரும். நடு மொட்டு பட்டாணி அளவு ஆனதும் பக்கத்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதற்கு அடுத்த கணுவில் வரும் இரண்டு மொட்டையும் எடுத்தால் காம்பும் நீளும். கை அகலப் பூ வகைகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். உருண்டைப் பூ வகைகளில் நிறைய பூப்பதுதான் அழகு, அவற்றை விட்டுவிடுவதே எங்கள் கட்சி.

வாடிய பூவை எடுக்கும்போது ஒரு குழப்பம் வரும், இதழ் உதிர்ந்த பழைய பூவும் புதுமொட்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால். கூம்பாக, நுனி நீண்டு, அழுத்தினால் ஈரம் கசிவது பழைய பூ. உருண்டு, மேலே தட்டையாக இருப்பது மொட்டு. பழைய பூவை அப்படியே விட்டால் செடி விதை கட்டப் போய்விடும், அடுத்த மொட்டு நிற்கும்.

கேள்வி: போர் தண்ணிதாங்க ஊத்தறோம். தொட்டி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்திருக்குது. புது இலையில நரம்பு மட்டும் பச்சை, நடுவுல மஞ்சள். யூரியா போட்டும் மாறலை.
வாசகர், திருப்பூர்

பதில்: யூரியாவால் மாறாது, இது தழைச்சத்துக் குறை இல்லை. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் முதிர்ந்த அடி இலைதான் முழுசாக மஞ்சளாகும். உங்கள் செடியில் இளம் இலைதான் மஞ்சள், நரம்பு பச்சை. அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கடின நீரின் சுண்ணாம்பால் மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8க்கு மேல் ஏறிவிட்டால் இரும்பு வேருக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டுவிடும். டேலியாவுக்குத் தோதான பி.எச். 6.5 ஒட்டி.

உடனடியாக, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடின நீரில் இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். பத்து நாள் விட்டு இன்னும் இரண்டு தடவை. தரையில் பட்டால் கறை போகாது, தொட்டியைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள். புது இலை பச்சையாக வந்தால் போதும். பழைய மஞ்சள் இலை முழுசாகத் தேறாது.

வெள்ளைப் பூச்சு உப்பு. நொய்யலின் கீழ்ப்பகுதிக் கிணறுகளிலும் போர்களிலும் உப்பு மிகுதி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு தங்கும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியேறும்படி ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை மழைநீரோ, ஆற்றுக் குடிநீரோ, தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு மெதுவாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். கவாத்துக்கு முந்தின வாரம் அதற்கு ஏற்ற நேரம். வெட்டிய பிறகு அவ்வளவு தண்ணீர் ஆகாது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் கிடைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கேள்வி: இலை அடியில நூலாம்படை மாதிரி மெல்லிசா இருக்குது, இலை செம்பு நிறமா மாறுது. பருத்திக்கு வாங்கின சைபர்மெத்ரின் மீதி இருந்தது, அடிச்சேன். இன்னும் அதிகமாயிருச்சு.
வாசகர், கரூர்

பதில்: செஞ்சிலந்திப் பேன். இதற்கு எட்டுக் கால், இது பூச்சி இனமில்லை. சைபர்மெத்ரின் அடித்தால் இந்தப் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும், பேன் தடையில்லாமல் பெருகும். இனி அதை டேலியாவுக்குத் தொடவே வேண்டாம்.

வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் இது ஒரு வாரத்தில் இலை முழுக்கப் பரவும், ஈரக்காற்று இதற்கு ஆகாது. மோசமான இலைகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு, காலையில் குழாயை விரலால் அடைத்துப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். பிறகு மாலை வேளையில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை 2 மி.லி. திரவ சோப்பில் குழைத்துக் கரைத்துத் தெளியுங்கள், வாரம் ஒன்றாக மூன்று தடவை. எண்ணெய் தண்ணீரில் பிரிந்து மிதந்தால் இலை கருகும், ஆகவே அடிக்கடி குலுக்கிக்கொண்டே தெளிக்க வேண்டும்.

நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளித்தாலும் பேன் அடங்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் இலைமேல் வெள்ளைப் பொடி பூசினாற்போல் வரும் சாம்பல் நோய்க்கும் அதுவே மருந்து. ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து மூன்று வாரத்துக்குள் கந்தகம் தெளிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். பகல் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளிலும் கந்தகம் வேண்டாம். கரூர் வெயிலுக்கு ஐப்பசி வரை வேப்பெண்ணெய், கார்த்திகையிலிருந்து கந்தகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருசம் கார்த்திகையில பூத்த பூவெல்லாம் நடுவுல மஞ்சள் வட்டம் தெரிஞ்சுது. வாங்கும்போது அடுக்கடுக்கா முழுசா இருந்த அதே செடிதான். செடி கெட்டுப்போச்சுங்களா?
வாசகி, ஈரோடு

பதில்: கெட்டுப்போகவில்லை. பகல் சுருங்கினால் அடுக்குப் பூவின் உள்ளடுக்கு இதழ்கள் குறைந்து நடுவட்டம் வெளியே தெரியும். நம் அட்சரேகையில் ஆனியில் பகல் ஏறத்தாழ 12¾ மணி, மார்கழியில் 11½ மணி. இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்துக்கே சில வகைகள் இப்படி மாறிவிடும். சத்துக் குறைந்த பழஞ்செடியில் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

தொட்டியில் வைத்திருப்பவர்கள் விளக்குப் போட்டு இதைச் சரிக்கட்டலாம். வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் செய்வதும் இதுதான். புரட்டாசி முதல் தேதியிலிருந்து, செடிக்கு மூன்றடி மேலே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு, பொழுது சாயும் முன் போட்டு இரவு எட்டரை வரை எரியவிடுங்கள். மொட்டு நிறம் காட்டியதும் நிறுத்திவிடலாம். மழையில் நனையாத ஹோல்டர் அவசியம். விளக்கெல்லாம் வேண்டாம் என்றால், வெட்டும் நாளைத் தள்ளிப் போடாமல் இருப்பதும் துளிரை மூன்றாகக் குறைப்பதும் பாதி வேலையைச் செய்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டுல இருக்கிறோம். நாங்களும் ஆடியிலதான் வெட்டணுமா?
வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் உங்களுக்கு இரவுச் சூடு என்ற பிரச்சினையே இல்லை. வாடிய பூவை இரண்டு ஜோடி இலையோடு சேர்த்து வெட்டிக்கொண்டே வந்தால் போதும். உங்கள் கவலை மழை. அடுக்குப் பூ தண்ணீரைக் குடித்துக் கனத்து, காம்பு மடங்கும். மழை விட்டதும் ஒவ்வொரு பூவையும் கவிழ்த்து மெதுவாக உதறுங்கள். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி இல்லையென்றால் மொட்டிலேயே சாம்பல் பூசணம் வந்துவிடும்.

கேள்வி: பறிச்ச பூ சாயங்காலத்துக்குள்ள தொங்கிருதுங்க.
வாசகி, உடுமலை

பதில்: டேலியா மொட்டாகப் பறித்தால் ஜாடியில் விரியாது. முக்கால்வாசிக்கு மேல் விரிந்த பிறகு, பின்பக்க இதழ் வாடத் தொடங்கும் முன், விடியற்காலையில் பறிக்க வேண்டும். காம்பின் அடியை மூன்று விரல் ஆழத்துக்குச் சுடுநீரில் நிறுத்துங்கள். 70 முதல் 75 டிகிரி, அதாவது கொதித்த தண்ணீர் இரண்டு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்த சூடு. அது தானாக ஆறும் வரை, ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஆவி இதழில் படாமல் காம்பை வெளிப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு சுத்தமான தண்ணீருக்கு மாற்றி, தண்ணீரில் மூழ்கும் இலைகளையெல்லாம் எடுத்துவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றினால் நாலைந்து நாள் நிற்கும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் இரண்டு நாள்தான்.